காற்றுக்கு வழிவிட்ட கான்கிரீட்: கோலாலம்பூரின் நவீனத்துவக் கட்டடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவீனத்துவக் கட்டடம் என்றால் என்ன? புதிதாகக் கட்டியதெல்லாம் நவீனத்துவம்தானே?

இல்லை. புதிது என்பது ஒரு கட்டடத்தின் வயது. நவீனத்துவம் என்பது ஒரு கொள்கை. 1920களில் ஐரோப்பாவில் உருத்திரண்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் பரவி, 1970களில் செல்வாக்கு இழக்கத் தொடங்கிய கட்டடக்கலை இயக்கம் அது. கான்கிரீட், எஃகு, கண்ணாடி ஆகியவற்றை மறைக்காமல் காட்டுவது, பயன்பாடு கேட்கும் வடிவத்தையே கட்டடத்துக்குக் கொடுப்பது, ஒட்டவைத்த பூவேலைகளையும் போலித் தூண்களையும் தவிர்ப்பது ஆகியவை அதன் வெளி அடையாளங்கள். இந்த அடையாளங்களோடு கோலாலம்பூரில் 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம்வரை எழுந்த கட்டடங்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். நாள்தோறும் அவற்றைக் கடந்துபோகிறோம். பெரும்பாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அதன் இலட்சியங்கள் எவை?

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் தொழிலாளர் குடும்பங்கள் வெளிச்சமும் காற்றும் புகாத அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. காசநோய் சாதாரணமாக இருந்தது. இந்த நிலையைக் கட்டடக்கலையால் மாற்ற முடியும் என்று ஒரு தலைமுறை மனதார நம்பியது. வால்டர் குரோப்பியஸ் 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி, கலைஞரையும் கைவினைஞரையும் ஒரே பட்டறையில் உட்காரவைத்து, எல்லாருக்கும் கட்டுப்படியாகும் நல்ல பொருள்களை உருவாக்க முயன்றது. 1933இல் நாஜிகளின் நெருக்கடியால் அது மூடப்பட்டபோது அதன் ஆசிரியர்கள் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். அவர்களோடு அந்தச் சிந்தனையும் கடல் கடந்தது. பிரான்சில் லெ கொர்பூசியே, வீட்டைத் தூண்கள்மேல் தூக்கி நிறுத்துவது, கூரையைத் தோட்டமாக்குவது, சுவரெங்கும் நீண்ட சன்னல் வைப்பது என்று ஐந்து கூறுகளை வகுத்துக்கொடுத்தார்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொட்டது எந்தக் கோபுரமும் அல்ல, ஒரு சமையலறை. 1926இல் பிராங்க்பர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர், ஒரு பெண் சமைக்கும்போது எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள் என்றெல்லாம் கணக்கெடுத்து, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அறையில் அடுப்பையும் தொட்டியையும் அலமாரிகளையும் கைக்கெட்டும் தூரத்தில் பொருத்தினார். அந்தச் சமையலறை சுமார் 10,000 வீடுகளில் கட்டப்பட்டது. இன்று செந்தூலிலோ சுபாங் ஜெயாவிலோ நாம் அலமாரியோடு சேர்த்துப் பொருத்திக்கொள்ளும் சமையலறைகளுக்கு அதுவே முன்னோடி. ஏழை வீட்டுப் பெண்ணின் கால்வலியைக் கட்டடக்கலையின் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதில்தான் நவீனத்துவத்தின் உயிர் இருந்தது என்று நான் கருதுகிறேன்.

மலாயாவில் அது எப்படி வேரூன்றியது?

சுதந்திரத்தோடு சேர்ந்து வந்தது. அதற்கு முன் இந்நகரின் அரசுக் கட்டடங்கள் ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த தோற்றத்தில் இருந்தன. மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே குவிமாடங்களோடு நிற்கும், 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் அதற்குச் சான்று. புதிய நாடு அந்தத் தோற்றத்தைத் தொடர விரும்பவில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பல இனத்தவர் சேர்ந்து வாழும் நாட்டுக்கு, எந்த ஓர் இனத்தின் பாட்டன் சொத்தாகவும் இல்லாத ஒரு பாணி வசதியாக இருந்தது. யாருக்கும் தனியுரிமை இல்லாததால் எல்லாரும் தமதென்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

பொதுப்பணித் துறையில், அதாவது ஜே.கே.ஆரில், பணியாற்றிய ஸ்டான்லி ஜூக்ஸ் வடிவமைத்த மெர்டேக்கா அரங்கம் 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள் திறக்கப்பட்டது; மறுநாள் காலை அங்கேதான் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அதே துறையின் ஐவர் ஷிப்லி என்பவர் வடிவமைத்த நாடாளுமன்றம் 1963இல் வந்தது. ஹோவர்ட் ஆஷ்லி, ஹிஷாம் அல்பக்ரி, பஹாருடின் காசிம் ஆகியோரின் தேசியப் பள்ளிவாசல் 1965இல் எழுந்தது. வழக்கமான குவிமாடத்தை விட்டுவிட்டு, விரித்த குடைபோல் மடிப்பு மடிப்பான கான்கிரீட் கூரையை அதற்குப் போட்டார்கள். கிங்டன் லூ வடிவமைத்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் டேவான் துங்கு சான்சலர் மண்டபம் 1966இல் பூச்சில்லாத வெற்றுக் கான்கிரீட்டில் நிமிர்ந்தது. பத்தே ஆண்டுகளுக்குள் ஒரு நகரம் தன் முகத்தை மாற்றிக்கொண்டது. 1963இல் திறந்த தேசிய அருங்காட்சியகம் மட்டும் மலாய்க் கூரையைத் தலையில் தாங்கி, வேறொரு பாதை இருப்பதையும் அப்போதே காட்டியது.

ஐரோப்பாவில் பிறந்த பாணி நம் வெயிலுக்கும் மழைக்கும் எப்படி ஒத்துவந்தது?

அப்படியே எடுத்துவந்திருந்தால் ஒத்துவந்திருக்காது. குளிர் நாட்டில் சூரியனை உள்ளே அழைப்பதற்காக வைக்கப்பட்ட பெரிய கண்ணாடி, இங்கே வீட்டை அடுப்பாக்கிவிடும். அந்தத் தலைமுறைக் கட்டடக்கலைஞர்களின் பெருமையே, இலட்சியத்தை எடுத்துக்கொண்டு உடையை மாற்றிப் போட்டார்கள் என்பதுதான்.

நாடாளுமன்றத்தின் 17 மாடிக் கோபுரத்தைச் சற்று நின்று பாருங்கள். அன்னாசிப்பழத்தின் தோலைப்போல் அதன் உடம்பெங்கும் போர்த்தியிருப்பது அலங்காரம் அன்று. சூரியனின் நேர்க்கதிர் உள்ளே விழாமல் தடுக்கும் திரை. கதிர் திரையில் பட்டு அங்கேயே சூடாகிறது, அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடுகிறது, பின்னாலிருக்கும் சன்னலுக்குச் சிதறிய வெளிச்சம் மட்டும் போய்ச் சேருகிறது. கண்ணாடியைத் தாண்டி வெப்பம் உள்ளே நுழைந்துவிட்டால் அதை வெளியேற்ற மின்சாரம் வேண்டும். வெளியிலேயே தடுத்துவிட்டால் நிழல் ஒன்றே போதும்.

இதே அறிவு எளிய கட்டடங்களிலும் இருந்தது. மஸ்ஜித் இந்தியா பகுதியில், கீழே துணிக்கடையும் மேலே வீடுகளுமாக இருக்கும் 1960களின் கடைவீடு ஒன்றில் என் நண்பர் குடும்பம் பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்தது. அதன் மாடிப்படி நடுப்பகலில்கூடக் குளிர்ந்திருக்கும். தெருப்பக்கச் சுவர் முழுச் சுவராக இல்லாமல், நடுவில் துளைவிட்ட சிமெண்ட் கற்களால் அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துளையும் உள்ளே வரவரச் சற்றே மேல்நோக்கி உயர்கிறது. சாரல் நுழைந்தாலும் வழிந்து வெளியே போய்விடும், காற்று மட்டும் மேலேறும். படிகள் டெராசோ: சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து பரப்பி, இறுகியபின் தேய்த்து மெருகேற்றியவை. ஓரத்தில் கால் வழுக்காமலிருக்க இரண்டு கோடுகள் கீறியிருக்கிறார்கள். கைப்பிடியின் வளைவு உள்ளங்கைக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது.

பழந்தமிழில் சன்னலுக்குக் காலதர் என்றொரு சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அந்த மாடிப்படியில் நின்றபோதுதான் எனக்கு அந்தச் சொல்லின் பொருள் உடம்பில் உறைத்தது.

தமிழர்களுக்கும் இந்தக் கட்டடங்களுக்கும் என்ன தொடர்பு?

பலர் நினைப்பதைவிட நெருங்கிய தொடர்பு. துன் வீ.தி. சம்பந்தன் 1959 முதல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்புத் துறைகளின் அமைச்சராக இருந்தார். நாடாளுமன்றம் கட்டப்பட்ட காலத்தில் அதைக் கட்டிய துறை அவருடைய பொறுப்பில் இருந்தது. ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் தமிழர்கள் ஆங்கிலேயர் காலந்தொட்டே பெருந்தொகையினர். டேவான் துங்கு சான்சலர் எழுந்த அதே 1966ஆம் ஆண்டு ஏப்ரலில், தனிநாயகம் அடிகளின் முயற்சியில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இந்த நகரில்தான் கூடியது.

இன்னொரு தொடர்பு வீடு சார்ந்தது. தோட்டத்து லயத்திலிருந்து புறம்போக்கு நிலத்துத் தகர வீட்டுக்கும், அங்கிருந்து அடுக்குமாடிக்கும் நகர்ந்த குடும்பங்கள் நம்மில் ஏராளம். நவீனத்துவம் தொழிலாளிக்கு வாக்களித்த வீடு நம் கைக்கு வந்துசேர்ந்த வழி அது.

பெக்கெலிலிங் அடுக்குமாடியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இலட்சியமும் வீழ்ச்சியும் ஒரே இடத்தில் தெரிந்தது அங்கேதான். முறைப்படி அதன் பெயர் துங்கு அப்துல் ரஹ்மான் அடுக்குமாடி. இன்றைய துன் ரசாக் சாலைக்கு அப்போது பெக்கெலிலிங் சாலை என்று பெயர் இருந்ததால் மக்கள் வாயில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1960களின் நடுவில் அரசு இரண்டு முன்னோடித் திட்டங்களைத் தொடங்கியது: இங்கே 17 மாடியில் ஏழு கட்டடங்களும் சுமார் 3,000 வீடுகளும், பினாங்கில் ரைபிள் ரேஞ்ச் பகுதியில் சுமார் 3,700 வீடுகளும். சுவரையும் தளத்தையும் தொழிற்சாலையில் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து, சீட்டுக்கட்டு வீட்டைப்போல் பொருத்தும் முறை அப்போது இந்த நாட்டுக்குப் புதிது. கோலாலம்பூரில் பயன்பட்டது லார்சன்-நீல்சன் என்ற டென்மார்க் முறை. பினாங்கில் பிரெஞ்சு முறை.

என் பெரியம்மா குடும்பம் செந்தூலில் ஒரு தகரக் கூரை வீட்டிலிருந்து அங்கே குடிபோனது. பதினான்காம் மாடி. முதல் வாரம் முழுக்கப் பெரியம்மா வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடுவாராம். அதுவரை தெருக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்றவர் அவர். தீபாவளிக்குப் பலகாரத் தட்டுகள் அந்த நீண்ட நடைவழியில் கதவு கதவாகப் போய், பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வேறு பலகாரங்களோடு திரும்பி வந்ததை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நடைவழி, கதவைத் திறந்தாலே அண்டைவீட்டார் முகம் தெரியும்படி அமைந்திருந்தது.

2010களின் நடுவில் அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அதற்கு முன்பே ஆள்கள் வெளியேறி, சன்னல்கள் பெயர்க்கப்பட்டு, கட்டடங்கள் வெறுங்கூடாகப் பல காலம் நின்றன. ஓடும் வண்டியிலிருந்து அந்தக் கூட்டைப் பார்த்து வளர்ந்த இளையவர்கள், அது என்றுமே அப்படித்தான் இருந்தது என்று எண்ணிக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

நவீனத்துவம் “இறந்த நாள்” என்று ஒன்று உண்டாமே?

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் மினோரு யமாசாக்கி வடிவமைத்த புரூயிட்-ஐகோ என்ற குடியிருப்பு 1950களின் நடுவில் எழுந்தது. 11 மாடிகளில் 33 கட்டடங்கள். இருபது ஆண்டு ஆவதற்குள் 1972இல் அதை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். விமர்சகர் சார்லஸ் ஜெங்க்ஸ் 1977இல், நவீனக் கட்டடக்கலை 1972 ஜூலை 15ஆம் நாள் பிற்பகல் 3.32 மணிக்கு உயிர்விட்டது என்று எழுதினார். அந்த வரி உலகெங்கும் ஒப்பிக்கப்பட்டது. உண்மையில் முதல் தகர்ப்பு அந்த ஆண்டு மார்ச்சிலேயே நடந்துவிட்டது.

நாளைவிடக் காரணத்தில்தான் பெரிய பிழை. அங்கே பராமரிப்புச் செலவு முழுவதும் ஏழைகள் கட்டிய வாடகையிலிருந்தே வரவேண்டும் என்று விதித்திருந்தார்கள். வேலையும் மக்களும் நகரைவிட்டுப் போனபோது வாடகை குறைந்தது. வாடகை குறைந்தபோது மின்தூக்கி பழுதுபார்க்கப்படவில்லை, உடைந்த சன்னல் மாற்றப்படவில்லை. செலவை மிச்சம் பிடிக்க, மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காதபடி முதலிலேயே அமைத்திருந்தார்கள். வடிவமைப்பில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு, பிறவியிலேயே நோயாளி என்று சான்றிதழ் எழுதியதுபோல் அந்தத் தீர்ப்பு எனக்குப் படுகிறது.

லண்டனில் நடந்தது வேறு வகை. 1968 மே 16ஆம் நாள் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டில் எரிவாயு வெடித்து, ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது, நால்வர் இறந்தார்கள். அதுவும் லார்சன்-நீல்சன் முறையில் கட்டியதே. முன்வார்த்த கான்கிரீட் பலகைகளைப் பிணைத்த மூட்டுகள் வலுவற்றிருந்ததால், ஒரு சுவர் போனதும் அடுத்தடுத்துத் தளங்கள் விழுந்தன. அந்த விபத்துக்குப் பின் பல நாடுகள் கட்டட விதிகளைத் திருத்தின. அங்கே பழுது கட்டடத்திலேயே இருந்தது; அதைப் பாணியின்மேல் வந்த வெறுப்போடு கலந்துவிடக் கூடாது.

கோலாலம்பூரில் அதன் செல்வாக்கு எப்போது, ஏன் சரிந்தது?

ஒரே நாளில் அல்ல. 1969 மே இனக்கலவரத்துக்குப் பின் நாட்டின் அடையாளம் என்ன என்ற கேள்வி கூர்மையானது. 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. கட்டடங்களும் அடையாளத்தைச் சுமக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுத்தது. எல்லாருக்கும் பொதுவாக இருந்த வெறுமை, இப்போது முகமற்ற வெறுமையாகப் பார்க்கப்பட்டது. 1984இல் வந்த டயாபூமி கோபுரம் தன் உடல் முழுவதும் இஸ்லாமிய வளைவுகளை அணிந்தது. அதே பத்தாண்டில் ஹிஜாஸ் கஸ்தூரி வடிவமைத்த தாபோங் ஹாஜி கட்டடம் இடை சிறுத்த முரசின் வடிவில் எழுந்தது. இவை அழகில் குறைந்தவை என்று சொல்லமாட்டேன். தாபோங் ஹாஜியின் வளைவு எனக்குப் பிடித்தமானது. ஆயினும் வெயிலைத் தடுக்க வந்த திரை சின்னமாக மாறத் தொடங்கியது.

அடையாளத்தைவிடக் குளிர்சாதனம்தான் பெரிய அடி என்பது என் முடிவு. குளிர்காற்றை வாங்க முடிந்ததும் நிழலுக்கும் காற்றோட்டத்துக்கும் மதிப்புப் போய்விட்டது. துளைக்கற்களை அடைத்தார்கள், திறந்த நடைவழிகளுக்குக் கண்ணாடி போட்டார்கள், வெளியே இயந்திரப் பெட்டிகளைத் தொங்கவிட்டார்கள். பிறகு அந்தக் கட்டடம் புழுக்கமாக இருக்கிறது என்று குறை சொன்னார்கள். மூன்றாவது காரணம் நிலத்தின் விலை. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் நகரின் தொடக்ககால அடுக்குமாடிகளில் ஒன்றான சுலைமான் கோர்ட் இருந்த இடத்தில் இன்று சோகோ பேரங்காடி நிற்கிறது. கான்கிரீட் காளான்களின் வரிசைபோல் கூரை விரித்திருந்த 1965ஆம் ஆண்டின் சுபாங் விமான நிலைய முனையமும் போய்விட்டது. மெர்டேக்கா அரங்கத்தின் அருகே, ஒரு காலத்தில் மெர்டேக்கா பூங்கா இருந்த நிலத்தில், 678.9 மீட்டர் உயர மெர்டேக்கா 118 எழுந்து நிற்கிறது.

நவீனத்துவத்தின் வானிலை அறிவு மட்டும் முழுவதும் அழியவில்லை. கென் யாங் வடிவமைத்து 1992இல் சுபாங் ஜெயாவில் முடிந்த மெனாரா மெசினியாகா, வெயில்தடுப்புகளோடும் மாடிதோறும் சுற்றியேறும் தோட்டங்களோடும் 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது.

இந்தக் கட்டடங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கறுத்து அசிங்கமாகின்றன?

கறுப்பு பெரும்பாலும் பாசியும் பூஞ்சையும். ஓட்டுக்கூரை தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி விழச்செய்யும். தட்டைக்கூரையில் வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவர்மேலேயே வழியும். கழுவிவிடலாம். அதைவிடக் கவலைக்குரியது உள்ளே இருக்கும் கம்பி. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்லக் கான்கிரீட்டுக்குள் ஊடுருவி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கம்பிமேல் போர்த்திய கான்கிரீட் மெல்லியதாக இருந்தால் இது விரைவில் நடக்கும். விரிசல் மெல்லிய கோடாக இருக்கும்போதே கவனித்தால் சரிசெய்துவிடலாம்.

சட்டப் பாதுகாப்பு உண்டா?

ஓரளவு உண்டு. பழைய 1976ஆம் ஆண்டுச் சட்டம் நூறு ஆண்டு கடந்தவற்றையே தொன்மைச் சின்னமாகக் கருதியதால் சுதந்திர காலத்துக் கட்டடங்களுக்கு அதில் இடமில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அந்த வயது வரம்பை வைக்கவில்லை. மெர்டேக்கா அரங்கம், நாடாளுமன்றம், தேசியப் பள்ளிவாசல் ஆகியவை தேசிய மரபுடைமைகளாக அறிவிக்கப்பட்டன. 2007இல் பழைய தோற்றத்துக்கு மீட்கப்பட்ட மெர்டேக்கா அரங்கம் அடுத்த ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது. 2001இல் தீப்பிடித்த டேவான் துங்கு சான்சலரும் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. மக்கள் குடியிருந்த கட்டடங்களுக்குத்தான் இத்தகைய கவனிப்புக் கிடைப்பதில்லை. ஜாலான் சுங்கை பீசியின் ரசாக் மேன்ஷனும் பெக்கெலிலிங் போன வழியே போனது.

ஒரே நாளில் எவற்றைப் பார்க்கலாம்?

காலையில் தேசியப் பள்ளிவாசல். தொழுகை நேரம் தவிர்த்துப் போனால் திறந்த மண்டபத்தில் நிழலில் உட்காரலாம். அங்கிருந்து தேசிய அருங்காட்சியகம் அருகில்தான். மாலையில் மஸ்ஜித் இந்தியாவுக்குப் போய், சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் இரண்டையும் எதிர்ப்பக்கத்திலிருந்து நிமிர்ந்து பாருங்கள். கீழ்த்தளத்து வியாபாரம் கண்ணை இழுத்துக்கொள்ளும். மேலே பார்க்க வேண்டும்.

நாங்கள் 1960களின் அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறோம். நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. துளைக்கற்களைப் பலகை வைத்து அடைக்காதீர்கள். அடைத்திருந்தால் ஒரு வாரம் திறந்துவைத்துப் பாருங்கள். கொசுவுக்குப் பயந்தால் பின்பக்கம் வலை அடித்துக்கொள்ளலாம். மழைக்காலத்துக்கு முன் கூரை வடிகாலில் இலை சேர்ந்திருக்கிறதா என்று யாராவது ஏறிப் பார்க்கட்டும். டெராசோ தரையின்மேல் புதிய ஓடு ஒட்டுவதற்கு முன், அதைத் தேய்த்து மெருகேற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பல வீடுகளில் தூசுக்குக் கீழே தரை அப்படியே இருக்கிறது. குடியிருப்போர் கூட்டங்களில் மின்தூக்கிப் பராமரிப்புக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது முதல் குடியேற்றத்தின்போதே வந்தவராக இருந்தால், சாவி வாங்கிய நாளைப் பற்றி அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். அந்தக் காலத்துப் புகைப்படம் இருந்தால் பின்பக்கத்தில் ஆண்டையும் மாடி எண்ணையும் எழுதிவையுங்கள். பெரியம்மாவிடம் அப்படி ஒரே ஒரு படம்தான் மிஞ்சியிருக்கிறது. நடைவழியில் கம்பியைப் பிடித்தபடி அவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் செந்தூல் பக்கமெல்லாம் தகரக் கூரைகள்.